ஹேமோவின் வாயும் சங்கத்தின் மெழுகும்

ஹல் துறைமுகத்தில் எங்கள் துணி வியாபாரிகள் சங்கத்துக்கு ஒரு சட்டம் உண்டு. கூட்டத்தில் கெட்ட வார்த்தை பேசினால், வார்த்தைக்கு ஒரு ராத்தல் தேன்மெழுகு அபராதம். அதை நிறுத்து வாங்கி, புனித நிக்கொலாஸ் பீடத்துக்கு மெழுகுவர்த்தி வார்ப்பது சங்கச் சேவகனான என் வேலை. கடலில் இருக்கும் எங்கள் கப்பல்களுக்காக எரியும் விளக்கு அது. பதினோரு வருடம் அணையாமல் எரிந்ததற்குப் பக்தி காரணமில்லை. ஹேமோதான் காரணம்.

ஹேமோ கடலுக்கு அக்கரையிலுள்ள மிடில்பர்க் சந்தைக்குத் துணி அனுப்புகிறவன். நேர்மையானவன், வாய் மட்டும் சாக்கடை. காற்று திசை மாறினாலும் திட்டுவான், மீனில் உப்பு குறைந்தாலும் திட்டுவான். மற்றவர்கள் ஒரு பென்னிக்குக்கூட மெழுகு வாங்கியதில்லை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று இருந்துவிட்டார்கள்.

நாற்பத்தைந்து வயதில் அவனுக்குக் கல்யாண ஆசை வந்தது. அவன் துணிகளுக்கு நீலச் சாயம் போடும் விதவை எம்மட்டைக் கேட்டான். அவளும் சங்கத்து உறுப்பினர்தான்.

"மிக்கேல் திருநாள் வரைக்கும் ஒரு அபராதம்கூட வாங்காம இருந்து காட்டுய்யா, கட்டிக்கிறேன்," என்றாள். "சாயத்தொட்டி நாத்தத்தை நாள் பூரா பொறுத்துக்கிறேன். வீட்டுக்குள்ளயும் நாத்தம் வேண்டாம்."

ஹேமோ வாயைக் கட்டினான். ஏழு மாதத்தில் மெழுகுவர்த்தி கட்டைவிரல் அளவுக்கு வந்துவிட்டது. காசு போட்டு மெழுகு வாங்கலாமே என்று மற்ற உறுப்பினர்களிடம் சொன்னேன். போய்க் கதவைச் சாத்து என்றார்கள். அதற்குப் பதில் அவனைச் சீண்டிப் பேசவைக்கத் தீர்மானித்தார்கள்.

திருநாளுக்கு முந்தின நாள் கடைசிக் கூட்டம். எம்மட்டும் வந்திருந்தாள்.

"என்ன ஹேமோ, துணியை ஈரத்துல இழுத்து நீட்டிட்டுத்தான் அளக்கிறியாமே?" என்று ஆரம்பித்தார் தலைவர் ஜெர்வஸ்.

"அப்படியா சொல்றாங்க, அண்ணே," என்றான் ஹேமோ. முகம் சிவந்திருந்தது.

"உங்கப்பன் காலத்துலேர்ந்தே அப்படித்தானாமே?"

ஹேமோ தொப்பியின் நுனியைக் கடித்துக்கொண்டான். பார்க்கப் பாவமாக இருந்தது.

ஜெர்வஸ் விடவில்லை. "நீளத்தை விடு. அந்த நீலம் இருக்கே, மிடில்பர்க் போய்ச் சேர்றதுக்குள்ள சாம்பலாயிருது."

எம்மட் எழுந்தாள். அவள் சொன்னதை எழுத மாட்டேன். ஜெர்வஸின் தாயாரில் தொடங்கி, அவருடைய கோவேறு கழுதை வழியாகப் போய், அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்த பாதிரியாரில் முடிந்தது. எண்ணுவது என் வேலை. கைவிரல்கள் தீர்ந்து கால்விரலுக்கு வந்தேன். மொத்தம் பதினேழு ராத்தல்.

அவள் உட்கார்ந்தாள். ஹேமோ தொப்பியை வாயிலிருந்து எடுத்தான்.

"எம்மட், அதுல ஆறு எனக்கே தெரியாது," என்றான்.

முழங்கைவரை நீலம் ஏறிய கைகளை அவள் மடிக்குள் மறைத்துக்கொண்டாள். "நாளைக்குக் கோயிலுக்கு நேரத்தோட வந்து சேரு," என்றாள்.

பதினேழு ராத்தலையும் ஹேமோதான் தோளில் சுமந்துவந்து கொடுத்தான். இப்போது பீடத்தில் அவனுக்கொன்று, அவளுக்கொன்று என்று இரண்டு விளக்குகள் எரிகின்றன.