ஒரு பக்கம் மட்டும் புது சர்வோ: அரியலூர் போய் வந்த வயிற்றெரிச்சல்

போன மாதம் ஒரு சனி, ஞாயிறு பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் போய் வந்தேன். கோயில் பார்க்கப் போகவில்லை. அவ்வளவு தூரம் போய்விட்டுத் திருமழபாடி போகாமலா வந்தீர்கள் என்று யாராவது கமெண்டில் கேட்பீர்கள், தெரியும். போகவில்லை, போகிற மனநிலையும் இல்லை. அரியலூருக்கு வெளியே ரிமோட்டில் பறக்கும் மாதிரி விமானங்களுக்கு ஒரு சின்னப் போட்டி நடந்தது, அதற்குத்தான் போனேன். உண்மையைச் சொன்னால், என் கை இன்னும் உருப்படியாக இருக்கிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளப் போனேன்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. பல்லாவரத்தில் ஃபிளெக்ஸ் பேனர் கடை வைத்திருக்கிறேன். ஒரு வருடமாகக் காபி டம்ளரைத் தூக்கினால் லேசாகத் ததும்புகிறது. "என்னங்க, கை ஆடுதா?" என்று மனைவி ஒருநாள் கேட்டாள். எரிந்து விழுந்தேன். விழுந்த வேகத்திலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது. நான் பறக்கவிடுவது கண்டபடி குட்டிக்கரணம் போடும் விமானம் இல்லை. நடுவர்கள் வரிசையாக உட்கார்ந்து மதிப்பெண் போடும் வகை. வானத்தில் சதுரம் போட்டால் சதுரமாக இருக்க வேண்டும், மூலையில் இறக்கை இம்மி சாய்ந்தாலும் மதிப்பெண் போச்சு. கை நடுங்குகிறவனுக்கு இங்கே வேலை இல்லை. அதனால், இந்தப் போட்டியில் சரியாக வரவில்லையென்றால் இத்தோடு எல்லாவற்றையும் விட்டுவிடுவது என்று முடிவுசெய்தேன். அதை முருகேசனிடம் போனில் சொல்லவும் செய்தேன்.

முருகேசன் பெரம்பலூரில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருப்பவன். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவன். என் விமானம் அவன் வீட்டில்தான் இருந்தது. இரண்டு மீட்டர் நீளம், இரண்டு மீட்டர் இறக்கை. என் வீட்டில் வைத்தால் நாங்கள் மொட்டை மாடியில்தான் படுக்க வேண்டும். செட்டிகுளத்தில் அவன் குடும்பத்துக்கு வெங்காயக் காடு இருக்கிறது, பக்கத்தில் பறக்கவிட இடமும் உண்டு. போட்டியில் விமானம் ஓட்டுகிறவன் வானத்தை விட்டுக் கண்ணை எடுக்க முடியாது. பின்னால் ஒருவர் நின்று அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருப்பார். எனக்குப் பின்னால் பல வருடங்களாக நின்றவன் இவன்தான்.

இனி சர்வோ விஷயம். ரிமோட்டில் விரலை அசைத்தால் விமானத்தின் மடல்களை அசைக்கும் தீப்பெட்டி அளவு மோட்டார்ப் பெட்டிதான் சர்வோ. வாலின் இரு பக்கமும் படுக்கையாக இருக்கும் மடல் எலிவேட்டர். மூக்கைத் தூக்குவதும் இறக்குவதும் அதன் வேலை. பெரிய விமானத்தில் பக்கத்துக்கு ஒரு சர்வோ. கடையில் போய்க் கேட்டால், "சார், இது இருபத்தஞ்சு கிலோ இழுக்கும்" என்பார்கள். மாட்டு வண்டியா இழுக்கப் போகிறது? எலிவேட்டருக்கு முரட்டு பலத்தைவிட நடுப்புள்ளிதான் முக்கியம். விரலை எடுத்ததும் மடல் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் வந்து நிற்க வேண்டும். பல் சக்கரத்தில் ஆட்டம் இருக்கக் கூடாது. வால் கடைசியில் இருப்பதால் எடையும் குறைவாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அதற்கு ஈடுகட்ட மூக்கில் ஈயம் வைத்து அழ வேண்டிவரும்.

பழைய ஜோடி தேய்ந்திருக்கும் என்று புதிதாக ஆறு வாங்கினேன். ஒவ்வொன்றின் மேலும் திரும்புகிற சின்னக் கையில் விளக்குமாற்று ஈர்க்குச்சி ஒன்றைக் கட்டி, எதிர்ச் சுவரில் பேப்பர் ஒட்டி, மேலேயிருந்தும் கீழேயிருந்தும் நடுவுக்குக் கொண்டுவந்து குச்சி நுனி எங்கே நிற்கிறது என்று குறித்தேன். மூன்று சர்வோக்கள் தினம் ஒரு புள்ளியில் நின்றன. ஒன்று சொன்ன பேச்சே கேட்கவில்லை. மிச்சம் இரண்டும் ஒரே புள்ளி, ஒரே வேகம். விளக்குமாறு இளைத்துப்போய்விட்டது என்று வீட்டில் வசவு. அந்த ஜோடியைப் பஞ்சில் சுற்றி டப்பாவில் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

தாம்பரத்திலிருந்து பகல் ரயிலில் அரியலூர் நான்கரை மணி நேரம். உட்கார்ந்து போகும் பெட்டியில் நூற்றிருபது ரூபாய் சொச்சம். விருத்தாசலம் தாண்டியதும் ஜன்னலை மூடிவிடுங்கள், வெயில் முகத்தில் அறைகிறது. ஸ்டேஷனிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோ எண்பது ரூபாய். டப்பாவை மடியில் வைத்திருந்ததைப் பார்த்து டிரைவர் கேட்டார்.

"என்ன சார், சாமி செலையா? இப்படிப் புடிச்சிருக்கீங்க?"

"ஏரோபிளேன் பார்ட்ஸ்ங்க. சின்ன ஏரோபிளேன்."

"எங்கூர்ல லாரியே பறக்குது சார். நீங்க வேற புதுசா எதுக்கு?"

அவர் சொன்னதில் தப்பில்லை. சுண்ணாம்புக்கல் லாரி ஒன்று எங்களை உரசிக்கொண்டு போனதில் என் சட்டை வெள்ளையாகிவிட்டது. அரியலூரிலிருந்து பெரம்பலூர் முப்பது கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம், டிக்கெட் முப்பது ரூபாய்க்குள். பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் எழுநூறு ரூபாய்க்கு லாட்ஜ் எடுத்தேன். பாத்ரூம் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. இருக்கிறது என்று சொல்லித்தான் சாவி கொடுத்தார்கள்.

சாயங்காலம் முருகேசன் வீட்டுக்குப் போனேன். விமானத்தைத் துடைத்துப் பளபளவென்று வைத்திருந்தான். டப்பாவைத் திறந்து புது ஜோடியைக் காட்டி, இப்போதே மாட்டிவிடலாம் என்றேன்.

"வேணாம்ணே. நாளைக்குப் போட்டி. இன்னிக்கு எவனாச்சும் ஸ்க்ரூ டிரைவரத் தொடுவானா?"

எங்கள் ஆட்களிடம் இது எழுதாத சட்டம். நன்றாக ஓடுகிற விமானத்தைப் போட்டிக்கு முந்தின நாள் திறக்கக் கூடாது. திறந்தவன் எதையாவது கெடுத்துவிட்டுத்தான் மூடுவான். பலமுறை நானே மற்றவர்களுக்குச் சொன்னதுதான்.

"பழசு ரெண்டும் நல்லா இருக்கா?" என்று கேட்டேன்.

"சூப்பரா இருக்குண்ணே. நானே செக் பண்ணிட்டேன்."

ரிமோட்டை எடுத்து விரலை மெதுவாக அசைத்துப் பார்த்தேன். இரண்டு பக்க மடலும் ஒன்றாக ஏறின, ஒன்றாக இறங்கின. சரி என்று டப்பாவை மூடிப் பையில் போட்டுக்கொண்டேன். அவன் மனைவி சுடச்சுடத் தோசையும் சின்ன வெங்காயச் சட்னியும் கொடுத்தார். நன்றாகத்தான் இருந்தது. அதை இல்லையென்று சொன்னால் பாவம்.

காலையில் அவன் ஆம்னி வேனில் விமானத்தை ஏற்றிக்கொண்டு அரியலூர் போனோம். போட்டி நடந்தது விற்காத மனைப்பிரிவு ஒன்றில். நுழைவாயிலில் வளைவு, உள்ளே நான்கு தெருவுக்குத் தார் ரோடு, நம்பர் போட்ட கற்கள், ஒரு வீடுகூட இல்லை. நீளமான தெருதான் ஓடுதளம். தூரத்தில் சுரங்கத்து மண்மேடு. திருச்சி, சேலம், சென்னையிலிருந்து பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். சாமியானா, கேனில் தண்ணீர், பொட்டலத்தில் பொங்கல். நல்ல ஏற்பாடு.

என் முறை வந்தது. முருகேசன் பின்னால் நின்றான். "சதுரம்ணே... இப்ப!" விமானத்தை இழுத்தேன். முதல் மூலையிலேயே வலது இறக்கை தொங்கியது. திருத்தினேன். இரண்டாவது மூலையில் மறுபடியும் அதே. வெடுக்கென்று இழுக்கும் ஒவ்வொரு தடவையும் விமானம் உடம்பை முறுக்கிக்கொண்டது. காற்று இல்லை, குறை சொல்ல வேறெதுவும் இல்லை. எனக்கு வியர்த்துவிட்டது. கை நடுங்குகிறது, நடுங்குகிறது என்று மனசுக்குள் ஒரே கூச்சல். அப்புறம் உண்மையாகவே நடுங்கியது. இரண்டாவது சுற்றும் அதே கதை. பட்டியலில் கடைசிக்கு முந்தின இடம்.

விமானத்தைத் தூக்கிக்கொண்டு சாமியானாவுக்கு வந்ததும், "அவ்வளவுதான்டா. கை போயிடுச்சு" என்றேன்.

முருகேசன் என் தோளில் கை வைத்தான். "விடுங்கண்ணே. வயசாவுதுல்ல."

அங்கிருந்த எல்லோரிடமும் இனி நான் வரமாட்டேன் என்று சொன்னேன். சிலர் கையைப் பிடித்துக்கொண்டார்கள். ஜெயங்கொண்டம் பக்கத்திலிருந்து வந்து பறக்கவிடும் தமிழ்ச்செல்வி என்ற பெண், சிமெண்ட் ஆலை லேபில் வேலை பார்ப்பவர், தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"தப்பா நெனச்சுக்காதீங்க சார். நெசமாவே வுட்டுட்டுப் போறதா இருந்தா, எலிவேட்டர்ல இருக்கற பழைய ஜோடிய எனக்குக் குடுங்களேன். உங்க கையில பழகுன ஜோடி."

அந்த நேரத்தில் எனக்கு அது பெரிய ஆறுதலாக இருந்தது. ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். முருகேசன் பதறிக்கொண்டு ஓடிவந்தான்.

"நான் வூட்ல வச்சு நிதானமாக் கழட்டித் தரேண்ணே. நீங்க உக்காருங்க."

"மூணு ஸ்க்ரூ. இதுக்கு என்னடா நிதானம்?"

வாலின் இடது பக்க மூடியைக் கழற்றினேன். என் பழைய கறுப்புப் பெட்டி. வலது பக்க மூடியைக் கழற்றினேன். நீலப் பெட்டி. புத்தம் புதுசு, ஸ்டிக்கர்கூட உரியவில்லை. நான் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தேன். தமிழ்ச்செல்விதான் ரிமோட்டை எடுத்து விரலைச் சட்டென்று அடித்துப் பார்த்தார். நீலப் பக்கம் பாய்ந்து முன்னால் போனது, கறுப்புப் பக்கம் பின்னால் வந்து சேர்ந்தது. அந்த இடைவெளியில்தான் விமானம் முறுக்கியிருக்கிறது. மெதுவாக அசைத்தபோது இரண்டும் சேர்ந்தே போனதால்தான் முந்தின நாள் எனக்குத் தெரியவில்லை. நானும் ஒரு தடவை வேகமாக அடித்துப் பார்த்திருக்கலாம்.

"என்னடா இது?"

"மச்சான் புள்ளைக்குக் காதுகுத்துண்ணே. சொந்தக்காரங்க பிளேன ஓட்டிக் காட்டுன்னாங்க. எறக்கறப்ப வாலு வரப்புல தட்டிருச்சு. ஒரு பக்கம் பல்லு போயிருச்சு. பழசவிட நல்லதாப் பாத்துத்தாண்ணே வாங்கிப் போட்டேன். வெலையும் ஜாஸ்தி, வேகமும் ஜாஸ்தி."

நல்லதாம்! ஒரு கால் செருப்பு அறுந்தால் அந்தக் காலுக்கு மட்டும் குதிகால் உயர்ந்த ஷூ வாங்கிப் போட்ட மாதிரி. கேட்காமல் ஓட்டினான், போகட்டும். உடைத்தான், அதுவும் போகட்டும். நானும் உடைத்திருக்கிறேன்.

"கை போச்சுன்னு நான் சொன்னப்ப ஏன்டா வாயத் தொறக்கல?"

"எல்லார் முன்னாடியும் அசிங்கமாப் போயிருக்கும்ணே."

"யாருக்கு?"

தமிழ்ச்செல்வி முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மீதியைச் சொல்வதற்கு முன்னால், போகிறவர்களுக்குத் தேவையானதைச் சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொன்னால் கோபத்தில் மறந்துவிடுவேன். எலிவேட்டர் சர்வோவை எப்போதும் ஜோடியாக வாங்குங்கள், ஒரே மாடல், முடிந்தால் ஒரே நாளில். ஒன்று போனால் இரண்டையும் கழற்றுங்கள். போனது போக மிஞ்சியதை விமானத்தின் தரைச் சக்கரத்தைத் திருப்பவோ வேறெதற்கோ வைத்துக்கொள்ளலாம். ரிமோட்டில் விரலை வேகமாக அடித்தும் பாருங்கள், மடலை லேசாக அழுத்தி எதிர்த்து நிற்கிறதா என்றும் பாருங்கள். போட்டிக்கு முந்தின நாள் திறக்கக் கூடாது என்ற சட்டத்தை நான் இனி மதிக்கப் போவதில்லை. இரண்டு மூடிகளையும் திறந்து கண்ணால் பார்த்துவிட்டுத்தான் தூங்குவேன். போட்டி அரியலூரில் என்றால் அரியலூரிலேயே தங்குங்கள். தொப்பியும் தூசிக்கு ஒரு துண்டும் கட்டாயம். பெரிய விமானத்தை ரயிலில் கொண்டுவர முடியாது. திரும்பும்போது ஒரு பார்சல் வேன்காரரைப் பிடித்து மூவாயிரத்தைந்நூறு கொடுத்து ஏற்றி வந்தேன். விமானம் இப்போது எங்கள் ஹால் சோபாவில் படுத்திருக்கிறது. நாங்கள் தரையில் உட்கார்ந்து டிவி பார்க்கிறோம்.

சாயங்காலம் பரிசெல்லாம் கொடுத்து முடித்து, சாமியானாவைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். "பையில புது ஜோடி இருக்குல்ல சார்? மாட்டுங்க. ஒரு தடவ பாத்துட்டுப் போங்க" என்றார் தமிழ்ச்செல்வி. எனக்குப் பயமாக இருந்தது. காலையில் சாய்ந்ததற்குச் சர்வோதான் காரணம் என்று தெரிந்துவிட்டது. இப்போதும் இறக்கை சாய்ந்தால் சொல்வதற்கு வேறு காரணம் கிடையாது. அவரே விளக்கு பிடித்த மாதிரி வாலுக்குள் போன் டார்ச்சைக் காட்ட, இரண்டையும் மாட்டி, நடுப்புள்ளி பார்த்து, மூடியைப் போட்டேன்.

விமானம் கிளம்பியது. முருகேசன் எப்போது பின்னால் வந்து நின்றானோ, தெரியாது. நான் கூப்பிடவில்லை. பழக்கத்தில் வந்திருப்பான். "சதுரம்ணே... இப்ப!" என்றான். இழுத்தேன். இறக்கை அசையாமல் மூலை திரும்பியது. இரண்டாவது மூலை. மூன்றாவது. நான்காவதும் அப்படியே, தட்டையாக, கிளம்பின கோட்டிலேயே வந்து சேர்ந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. இன்னொரு தடவை போட்டேன். அதுவும் சரியாக வந்தது.

விமானத்தை இறக்கி, ஓடுதள ஓரத்தில் நிறுத்தி, மோட்டாரை அணைத்தேன். பின்னாலிருந்து கை தட்டும் சத்தம் கேட்டது.

"பாத்தீங்களாண்ணே! கை சூப்பரா இருக்கு. உங்களுக்கு ஒண்ணும் ஆவலண்ணே!"

அவன் முகத்தில் நிஜமான சந்தோஷம். எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துவிட்டான்.

"அது உனக்குக் காலையிலேயே தெரியும்டா" என்றேன்.