மேளம் கேட்டால் ஆடும் குதிரை

ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தில், சிவன் கோயிலுக்கு எதிரே, வெயில் தாங்காமல் ஒரு வேப்பமரத்தடியில் பைக்கை நிறுத்துகிறேன். அங்கே ஒரு வெள்ளைக் குதிரை பின்னங்காலை ஊன்றாமல் நிற்கிறது. கல்யாண ஊர்வலங்களில் ஆடுகிற குதிரையாம். அதை வளர்க்கும் பெண் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என்னைப் பார்க்கிறார்.

"அண்ணாச்சி, இந்தக் கயித்தச் செத்த நேரம் பிடிங்க. குளம்புல கல்லு ஏறியிருக்கு."

பைக்கிலிருந்து இறங்குகிறேன். பிடிக்கிறேன். குதிரையின் கண் என் பக்கம் உருள்கிறது. அவர் அதன் முதுகைத் தடவியபடியே பின்பக்கம் போய், காலைத் தூக்கித் தன் தொடைமேல் வைத்துக்கொள்கிறார். இரும்புக் கொக்கியால் லாடத்தின் ஓரத்தைச் சுரண்டுகிறார்.

அப்போது கோயிலுக்குள் மேளம் தொடங்குகிறது.

குதிரையின் காதுகள் நிமிர்கின்றன. முன்னங்கால்கள் மாறி மாறித் தரையைத் தட்டுகின்றன. கயிறு என் உள்ளங்கையை அறுக்கிறது. தூக்கிய குளம்பு அவர் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் உதறுகிறது.

"விட்டுட்டு இந்தப் பக்கம் வந்துடுங்கம்மா!" என்று கத்துகிறேன்.

அவர் விலகாமல் குதிரையோடு இன்னும் ஒட்டிக்கொள்கிறார்.

"தள்ளி நின்னாத்தான் அண்ணாச்சி உதை பலமா விழும். ஆடப் பழக்குனதே நாங்கதான, அதப் போயி குத்தஞ் சொல்ல முடியுமா?"

சொல்லிக்கொண்டே கொக்கியால் கல்லை நெம்புகிறார்.

மேளம் நிற்கிறது. கல் தெறித்து விழுகிறது. நான் நிம்மதியாகக் கயிற்றை நீட்டுகிறேன். அவர் வாங்கவில்லை. முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுத்த காலுக்குப் போகிறார்.

"இன்னும் மூணு காலு கெடக்கு. கயித்த விட்றாதீங்க."

உள்ளே யாரோ தவிலை ஒரு தட்டுத் தட்டிப் பார்க்கிறார்கள்.