நாற்பதாம் நாள் கோதுமையும் நான்கு துளைகளும்

நீஷ் நகரச் சந்தைக்குப் பின்னாலிருக்கும் பேக்கரியில், மாவை மேசை முழுக்க மெல்லிதாக இழுத்து விரிப்பதில் ரதோய்காவை மிஞ்ச ஆளில்லை. ஓரம்கூடக் கிழியாது. கணவன் திஹோமிரைப் புதைத்த மறுவாரமும் அப்படியேதான் இழுத்தாள். அழவில்லை. வலது விலாவுக்குக் கீழே வலி கவ்வியபோதும் முகம் சுளிக்கவில்லை. சுருண்டு விழுந்த பிறகுதான் அக்கா கோசரா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள்.

பித்தப்பை நிறையக் கல். சீக்கிரமே பையோடு எடுத்துவிட வேண்டும்.

"ரெண்டு விதமா எடுக்கலாம்மா," என்றார் டாக்டர் நெவெனா. "வயித்துல நாலு சின்னத் துளை போடலாம். இல்லேன்னா தொப்புள்ல ஒரே துளை. தழும்பு வெளிய தெரியாது. ஆனா அந்த வெட்டு கொஞ்சம் பெருசு, நேரமும் கூடுதல். பின்னாடி அங்க குடலிறக்கம் வர வாய்ப்பும் கொஞ்சம் அதிகம். வலியில பெரிய வித்தியாசம் இல்ல."

"எதுல செஞ்சா நாப்பதாம் நாள் கல்லறைக்கு நானே கோதுமை தூக்கிட்டுப் போகலாம்?" செத்தவரின் நாற்பதாம் நாள் வேகவைத்த கோதுமையைக் கல்லறைக்குக் கொண்டுபோய்ப் பங்கிடுவது அங்கே வழக்கம்; அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"நடந்து போகலாம். கனமா எதையும் தூக்கக் கூடாது. ரெண்டுலயும் அதே கதைதான்."

"ஒரு துளையே போட்டுக்கடி, தழும்பு தெரியாதுல்ல," என்றாள் கோசரா.

"யாருக்குக் காட்டப்போறேன்? நான் மாவு மூட்டை தூக்கறவ. நாலே போடுங்க டாக்டர்."

ஆபரேஷன் அன்று விடிகாலையில் பக்கத்து வீட்டு ஸ்தமேனா, தன் மாமியாரின் நினைவுநாள் கோதுமையோடு வாசலில் நின்றாள். வேகவைத்து அரைத்து, மேலே சர்க்கரை தூவியது. செத்தவர் பேரில் நீட்டுவதை யாரும் மறுப்பதில்லை. ரதோய்கா சிலுவைக் குறியிட்டு ஒரு கரண்டி வாயில் போட்டுக்கொண்டாள்.

"எதாவது சாப்பிட்டீங்களா?" என்று கேட்டார் மயக்க மருந்து டாக்டர்.

"கோதுமை. ஒரு கரண்டிதான்."

"போச்சு, வெறும் வயித்துலதான் மயக்க மருந்து குடுக்கணும். இன்னிக்கு இல்ல."

"அறிவிருக்காடி உனக்கு?" என்று வீடு திரும்பும் வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தாள் கோசரா. ரதோய்கா பஸ்ஸில் நாற்பதாம் நாளுக்கு மிச்சமிருந்த நாட்களை விரல் விட்டு எண்ணினாள்.

அடுத்த முறை ஆபரேஷனுக்கு இடம் கிடைத்து, நாலு துளை போட்டுப் பித்தப்பையை எடுத்தபோது நாற்பதாம் நாளுக்கு ஒரு வாரம்கூட இல்லை. அன்று கல்லறைத் தோட்டத்துக்குக் கோதுமைத் தட்டைக் கோசராதான் சுமந்தாள். ரதோய்கா ஒரு சின்னக் கிண்ணத்தில் எடுத்துக்கொண்டு, மறுகையால் வயிற்றைப் பிடித்தபடி பின்னால் நடந்தாள். பாதிரியார் கோதுமைமேல் திராட்சை மது ஊற்றினார். அப்போதும் ரதோய்காவின் கண் நனையவில்லை.

"உனக்கு நாலு துளையாடி?" என்றாள் ஸ்தமேனா. "எனக்குப் பித்தப்பை எடுத்தப்ப ஒண்ணுதான். தேடினாலும் தெரியாது."

"அதான் அங்கயே குடல் பிதுங்கி மறுபடி தைச்சாங்களே!" என்றாள் கோசரா.

கூட வந்திருந்த பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். ரதோய்கா கிண்ணத்தை அவர்கள் பக்கம் நீட்டினாள்.

"திஹோமிர் பேருக்கு. எடுத்துக்குங்க."