தோணிக்காரரின் உளவாளி

வாவியைக் கடந்து டவுனுக்குப் போக எங்களுக்கு அவருடைய தோணிதான். காடாக வளர்ந்த தாடி. டவுன் தியேட்டருக்கு வரும் ஆங்கில உளவாளிப் படம் ஒன்றையும் விடமாட்டார். கதை சொல்லும்போது உளவாளி கூரையிலிருந்து குதித்தால் துடுப்பை மடியில் போட்டுவிடுவார். தோணி இழுபட்டு யாருடைய இறால் வலைக்குள்ளோ புகுந்துவிடும்.

ஒருநாள், உளவாளியை முதலைகளுக்கு மேலே கட்டித் தொங்கவிட்டதோடு கதையை நிறுத்தினார்.

"பிறகு?" என்றேன்.

"தெரியா தம்பி. அதுக்குமேல பாக்க நெஞ்சு தாங்காது. எழும்பி வந்திட்டன்."

எல்லாப் படத்திலும் அப்படித்தானாம். அதே உளவாளியின் அடுத்த படத்துக்கு நோட்டீஸ் ஒட்டினால்தான் ஆள் உயிரோடு இருப்பது அவருக்கு உறுதி. அதுவரை மழிப்பதில்லை என்று பிள்ளையாருக்கு நேர்த்தி வைத்து வளர்த்ததுதான் அந்தத் தாடி.

நான் அந்தப் படத்தைக் கடைசிவரை பார்த்தவன். "அவன் தப்பிட்டான் அண்ணே. நானே பாத்தன்," என்றேன்.

"என்ட மனம் ஆறச் சொல்லுறாய்," என்று என் முதுகில் தட்டினார். "நல்ல பிள்ளை."

அடுத்த வருடம் டவுன் சுவரில் புது நோட்டீஸைக் கண்டதும் கரைக்கு ஓடினேன். மழமழவென்று மழித்த முகத்தோடு தோணியில் நின்றார்.

"தம்பி, அண்டைக்கு நீ சொன்ன பொய் பலிச்சிட்டுது!"