எலும்புக்கு எந்த ஊர்?

1930களில் கோவைக் கல்லூரி ஒன்றின் காட்சிசாலையில், வந்து சேரும் பொருள்களுக்குப் பெயரும் ஊரும் எழுதி ஒட்டுவது என் வேலை. ஒருநாள் விவசாயி ஒருவர், கல்லாய் இறுகிப்போன பெரிய எலும்பைக் கொண்டுவந்து கொடுத்தார்.

"எந்த ஊருங்க?" என்றேன்.

"சூலூருங்க" என்றார். அதையே எழுதி ஒட்டினேன்.

அது தழை தின்னும் டைனோசரின் எலும்பு என்று கண்டுகொண்ட, காட்சிசாலைக்கு வந்திருந்த சென்னை ஆய்வாளர் ஒருவர், என் சீட்டை நம்பி ஆட்களோடு சூலூருக்குக் கிளம்பினார். நானும் போனேன். அந்த விவசாயியின் காட்டில், பால் பிடித்து நின்ற சோளத்தை அழித்துத் தோண்டினோம். அவர் மறுக்கவில்லை. அவரிடம் ஒரு வார்த்தை விசாரிக்க எங்களுக்கும் தோன்றவில்லை. ஒன்றும் அகப்படாத பிறகுதான், எலும்பு எந்த இடத்தில் கிடந்தது என்று கேட்டேன்.

"அதுங்களா? மாடு வாங்க அரியலூர்ப் பக்கம் போனப்ப ஓடையில கெடந்துச்சுங்க. நீங்க அன்னிக்கு என்ற ஊரைத்தானுங்க கேட்டீங்க? இப்ப கெணத்துக்கு எடம் பாக்கறீங்கன்னு நெனச்சுப்போட்டேனுங்க."

முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை. சீட்டில் ஊரை மறுநாளே திருத்திவிட்டேன். ஆனால் அன்று அந்த விவசாயி குழியை எட்டிப் பார்த்தபடி கேட்டார்:

"அப்ப, தண்ணி வராதுங்களா?"