அரக்கு ப்ளவுஸுக்கு அனுப்பிய வாய்ஸ்

எனக்குப் பெண்களிடம் பேச வராது. காலமெல்லாம் பெண்களுக்கு ப்ளவுஸ் தைத்தே சோறு தின்றவன் இப்படிச் சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஆனால் பூந்தமல்லியில் எங்கள் கடை இருந்தவரை பேச வேண்டிய தேவையே வரவில்லை. கடையின் பின்பக்கம் ஒரு திரை தொங்கும். அந்தப் பக்கம் என் மனைவி டேப் பிடித்து அளந்து, அளவை உரக்கச் சொல்வாள். இந்தப் பக்கம் நான் குனிந்தபடி துணியின் ஓரத்தில் சாக்பீஸால் குறித்துக்கொள்வேன். "வியாழக்கிழமை வந்து வாங்கிக்கோங்கம்மா" என்பது மட்டும்தான் என் பேச்சு. அதையும் துணியைப் பார்த்துத்தான் சொல்வேன்.

மெட்ரோ வேலைக்காகக் கடைக்கு முன்னால் தகரத் தடுப்பு வைத்ததும் ஆட்கள் வருவது குறைந்துபோனது. மிஷினைச் சென்னீர்குப்பத்து வாடகை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டோம். ஆவடியில் கட்டிக்கொடுத்த மகள்தான் அந்த யோசனையைச் சொன்னாள். என் கையையும் துணியையும் மட்டும் படம்பிடித்து, மாதாமாதம் பணம் கட்டுகிறவர்களுக்கு போன் வழியாக ப்ளவுஸ் தைக்கச் சொல்லிக்கொடுப்பது. முகம் தெரியாது என்றதால் ஒத்துக்கொண்டேன்.

சேர்ந்தவர்கள் ஒரு மாதம் இருந்தார்கள், போனார்கள். புதிதாகச் சிலர் வந்தார்கள், அவர்களும் போனார்கள். இது நின்றால் எக்ஸ்போர்ட் கம்பெனியில் போய் பீஸ் ரேட்டுக்கு உட்கார வேண்டும். என் முதுகு அதற்கு இடம் கொடுக்காது என்று எனக்குத் தெரியும், என் மனைவிக்கும் தெரியும்.

"சும்மா வீடியோ போட்டா எவ்ளோ நாளைக்கு அத்தா இருப்பாங்க?" என்றாள் மகள். "அவங்க தெச்சு அனுப்பற போட்டோவப் பாத்து, ஒவ்வொருத்தருக்கும் தனியா ஒரு வாய்ஸ் போடு. நம்மள ஒரு ஆளு கவனிக்கிறாருன்னு தெரிஞ்சா போமாட்டாங்க."

"எழுதி அனுப்பறனே."

"நீ ஒரு வரி டைப் பண்றதுக்குள்ள அவங்க வேற கடையில குடுத்து தெச்சே வாங்கிடுவாங்க."

அது உண்மைதான். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படிப்பேன். எழுதத்தான் ஒவ்வொரு எழுத்தாகத் தேட வேண்டும்.

முதலில் பதிவு செய்ததில் பேச்சே இல்லை. என் மனைவி அதைப் போட்டுக் கேட்டாள். "இன்னாங்க இது, மாடி ஏறி வந்தவன் மூச்சு வாங்கற மாதிரி கீது. இத அனுப்புனா பயந்துடுவாங்க" என்றாள். பிறகு ஒரு வழி கண்டுபிடித்தேன். மிஷின் முன் உட்கார்ந்து மிதியில் காலை வைத்து ஓட்டிக்கொண்டே பேசினால் வார்த்தை வந்தது. பெண்களின் பெயரைச் சொல்லவும் கூச்சமாக இருந்தது. அதனால் அவர்கள் தைத்த துணியின் நிறத்தைச் சொல்லிக் கூப்பிட்டேன். "பாசிப்பச்சை ப்ளவுஸ் தெச்ச அம்மா, உங்க கை நல்லா உக்காந்திருக்கு. பட்டி மட்டும் கொஞ்சம் இழுக்குது." என் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து போட்டோவைப் பார்த்துச் சொல்லிக்கொடுப்பாள். உடம்பு அளவு பற்றிய பேச்சு வந்தால் அவளே நடுவில் புகுந்து பேசிவிடுவாள். இரண்டு பேர் குரலும் ஒரே வாய்ஸில் போகும்.

அடுத்த மாதம் முக்கால்வாசிப் பேர் பணம் கட்டியிருந்தார்கள். "பாய், பாசிப்பச்சை பேசறேன்" என்று அவர்களே வாய்ஸ் அனுப்ப ஆரம்பித்தார்கள். காட்டுப்பாக்கத்து அடுக்குமாடி வீட்டிலிருந்து ஒரு பெண். கோயம்புத்தூர்ப் பக்கத்துக்காரர், குழந்தை பிறந்து கம்பெனி வேலையை விட்டவர். அவர் தன் பிளாக்கில் இருந்த தோழிகளை எல்லாம் ஒவ்வொருவராகச் சேர்த்துவிட்டார். வகுப்பில் பாதிப் பேர் அவர் கொண்டுவந்தவர்கள்தான்.

பேரனுக்குக் காய்ச்சல் என்று என் மனைவி ஆவடிக்குப் போயிருந்த வாரத்தில், அந்தக் காட்டுப்பாக்கத்துப் பெண் ஒரு அரக்கு நிற ப்ளவுஸின் போட்டோ அனுப்பினார். தனக்காகவே தைத்தது, ஒரு கல்யாணத்துக்குப் போட்டுக்கொள்ள வேண்டும், முன்பக்கம் ஏன் இப்படி இழுக்கிறது என்று கேட்டிருந்தார். பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. காலை மிதியில் வைத்துப் பேசினேன். டேப்பை இறுக்கிப் பிடித்து அளந்திருக்கிறீர்கள், மூச்சை அடக்காமல் சாதாரணமாக நின்று, மார்பு உயர்ந்த இடத்தில் டேப்பைச் சுற்றி, இரண்டு விரல் உள்ளே போகிற மாதிரி தளர்த்தி அளந்துகொள்ளுங்கள், முன்பக்க மடிப்பான டாட் பிடிக்கும் இடத்தையும் அரை இஞ்சு இறக்குங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டேன். பெண்களிடம் தனியாக, திக்காமல் பேசிய முதல் வாய்ஸ் அது. கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

மறுநாள் ஒரு ஆண் குரல் போனில் கூப்பிட்டது. "தையல் கிளாஸ் நடத்தறவருங்களா?"

"ஆமாங்க."

"என் ஒய்ஃப் உங்க கிளாஸ்ல இருக்காங்க. காட்டுப்பாக்கம். நேத்து ஒரு வாய்ஸ் அனுப்புனீங்களே, அதைப் பத்திப் பேசோணும். ஞாயித்துக்கிழமை நேர்ல வர்றனுங்க. அட்ரஸ் சொல்லுங்க."

கோபமாகப் பேசியிருந்தால் பரவாயில்லை. மரியாதையாகப் பேசினார். அதுதான் பயமாக இருந்தது. அட்ரஸைச் சொல்லிவிட்டு அந்த வாய்ஸைப் போட்டுக் கேட்டேன். திரும்பவும் கேட்டேன். தையல்காரன் காதில் அது வெறும் அளவு. ஒரு பெண்ணின் புருஷனாக உட்கார்ந்து கேட்டால், யாரோ ஒரு ஆம்பளை சாவகாசமாக மிஷின் ஓட்டிக்கொண்டு அவள் உடம்பைப் பற்றிப் பேசுகிறான். அழித்துவிடலாம் என்று போனேன். அழித்தால் அழித்த அடையாளம் அங்கே நிற்குமாமே. அது இன்னும் மோசம் என்று விட்டுவிட்டேன்.

மனைவி வந்ததும் போட்டுக் காட்டினேன். "இதுல இன்னா தப்பு கீது? கடையில நான் சொல்றதுதான இது" என்றாள். கொஞ்சம் கழித்து, "ஆனா நான் சொல்றது வேறங்க" என்றாள்.

"அவரு வந்து அடிச்சா?"

"அடிக்க வர்றவன் அட்ரஸ் கேட்டு, லீவு நாளு பாத்து வருவானா? சும்மா இருங்க."

அவள் அப்படிச் சொன்னாலும் வாசலைப் பெருக்கும்போது தெரு முனையை எட்டிப் பார்த்ததை நான் கவனித்தேன்.

அதற்குப் பிறகு யாருக்கும் வாய்ஸ் போடவில்லை. பதில்களை மனைவி தட்டித் தட்டி எழுதி அனுப்பினாள். குரூப்பில் கேட்க ஆரம்பித்தார்கள். "பாய்க்கு உடம்பு சரியில்லையா?" "பாய், என் ரோஸ் ப்ளவுஸ் பாக்கவே இல்லையே?" ஒருவர், "எழுத்துல வந்தா யார் வேணா அனுப்பலாம், நீங்கதான் பாத்தீங்கன்னு எப்படித் தெரியும்?" என்று எழுதியிருந்தார். அடுத்த மாதத்துப் பணம் கட்டும் நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. காட்டுப்பாக்கத்துப் பெண்ணிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. அவர் விலகினால் அந்த பிளாக் முழுவதும் விலகும். ஏன் விலகினார் என்ற காரணமும் கூடவே பரவும். அதற்கப்புறம் எந்தப் பெண் இந்த வகுப்பில் சேருவாள்? அஸர் தொழுகையில் எத்தனையாவது ரக்அத்தில் நிற்கிறேன் என்பதே எனக்கு மறந்துபோனது.

ஞாயிற்றுக்கிழமை அவர்கள் இருவருமாக வந்தார்கள். புருஷன் கண்ணாடி போட்ட ஒல்லியான மனிதர். என்னைவிட அவர்தான் அதிகம் சங்கடப்பட்டார் என்பது உட்கார்ந்த விதத்திலேயே தெரிந்தது. என் மனைவி டீ கொடுத்தாள். அவர் டீயை ஊதிக்கொண்டே இருந்தார்.

"நீங்க தப்பாச் சொல்லலீங்க" என்று ஆரம்பித்தார். "நானும் கேட்டேன். விசயம் என்னன்னா, எங்க ஊட்டு ஸ்பீக்கர் ஹால்ல இருக்குது. இவ போன் அதுகூட கனெக்ட் ஆயிருந்தது தெரியாம, சமையக்கட்டுல நின்னு உங்க வாய்ஸைப் போட்டுட்டா. ஹால்ல எங்கப்பா சாப்பிட்டுட்டு இருந்தாரு."

 

"முழுசாவா?" என்று கேட்டாள் என் மனைவி.

"கிட்டத்தட்ட முழுசாத்தான். இவ ஓடி வந்து நிறுத்தறதுக்குள்ள அந்த ரெண்டு விரல் வரைக்கும் வந்துருச்சு. அப்பா தட்டுல கையைக் கழுவிட்டு எந்திரிச்சுட்டாரு. அதுக்கப்புறம் இவகூடப் பேசறதே இல்லீங்க. இந்த கிளாஸ் இனி வேண்டாம்னு எங்கிட்டதான் சொன்னாரு."

என் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் சிரிப்பை அடக்குகிறாள் என்று தெரிந்ததும் எனக்கு வியர்த்தது. நல்லவேளை, அந்தப் பெண்ணும் தலையைக் குனிந்துகொண்டு அதையேதான் செய்துகொண்டிருந்தார்.

"அதனால, இவளுக்கு மட்டும் எழுதி அனுப்பீருங்க. வாய்ஸ் வேண்டாம்" என்றார் புருஷன்.

"எழுதி அனுப்பறதா இருந்தா நான் நின்னுக்கறேன்" என்றார் அந்தப் பெண். அதுவரை அவர் பேசவே இல்லை. "யார் வேணும்னாலும் எழுதுவாங்க. பாய் என் தையலை உட்கார்ந்து பாத்துட்டுப் பேசறாரு. நான் எங்க அவசரப்பட்டேன், எங்க பொறுமையாத் தெச்சேன்னு அவருக்குத் தெரியுது. அது வேணும்னுதான் நான் பணம் கட்டறேன்."

புருஷன் அவரைப் பார்த்தார். பிறகு டீ கிளாஸைப் பார்த்தார்.

 என் மனைவிதான் பேசினாள். "தம்பி, அன்னிக்கி நான் ஊருல இல்ல. அதான் இவுரு எல்லாத்தையும் தானே பேசிட்டாரு. இனிமே துணியப் பத்தி மட்டும் இவுரு பேசட்டும். உடம்பு அளவு வந்தா நான் பேசறேன். முன்னாடி அப்டித்தான் போயிகினு இருந்துச்சு. உங்கப்பா கேட்டாலும் ஒரு பொம்பள பொம்பளைகிட்ட பேசற மாதிரிதான இருக்கும்?"

"திரும்பவும் ஸ்பீக்கர்ல போட்டுட்டா?"

"போடட்டுமே. நான் இன்னா, உங்கப்பாவையா அளக்கப் போறேன்?"

அவர் சிரித்துவிட்டார். சிரித்ததற்காக உடனே வருத்தப்பட்டவர் போலவும் இருந்தது. கிளம்பும்போது, "மாசம் முடியட்டுங்க, பாக்கலாம்" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண் செருப்பைப் போட்டுக்கொண்டே என் மிஷினைத் திரும்பிப் பார்த்தார். சத்தமாக மட்டுமே தெரிந்திருந்த ஒன்றை இப்போதுதான் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் நானும் என் மனைவியும் உட்கார்ந்து அந்த அரக்கு ப்ளவுஸுக்கு மறுபடி ஒரு வாய்ஸ் போட்டோம். நான் துணியின் ஓட்டத்தையும் டாட்டையும் சொன்னேன். டேப் பிடிப்பதை அவள் சொன்னாள். எனக்குத் திருப்தி வராமல் அழித்து அழித்துத் திரும்பப் பேசியதில், "இன்னொரு வாட்டி சொன்னீங்கன்னா நான் எந்திரிச்சுப் போயிடுவேன்" என்று அவள் சொன்னதும் அதில் பதிவாகிவிட்டது. அப்படியே அனுப்பிவிட்டாள்.

பதில் வரவில்லை. கேட்ட அடையாளமும் வரவில்லை. பணம் கட்டும் நாள் வந்தது. காலையிலிருந்து போனைத் தையல் மேஜையில் கவிழ்த்து வைப்பதும் நிமிர்த்திப் பார்ப்பதுமாக இருந்தேன். ஒரு ப்ளவுஸின் கையைத் தலைகீழாக வைத்துத் தைத்துப் பிரித்தேன். சாயங்காலம் மகள் போன் செய்து, காட்டுப்பாக்கம் கட்டிவிட்டது, அவர்களுடைய பிளாக்கில் ஒருவரைத் தவிர எல்லோரும் கட்டிவிட்டார்கள் என்றாள். கட்டாத அந்த ஒருவர் ஏன் கட்டவில்லை என்று கேட்டேன். "எனக்கு எப்படி அத்தா தெரியும், மறந்திருப்பாங்க" என்றாள்.

சற்றுக் கழித்து அந்தப் பெண்ணின் வாய்ஸ் வந்தது. முன்பக்கம் சரியாகிவிட்டது, கல்யாணத்தில் யார் தைத்தது என்று கேட்டார்கள் என்று சொன்னார். அவர் ஹாலில் இருந்துதான் பேசியிருக்க வேண்டும். பின்னால் டிவி ஓடியது. நடுவே ஒரு வயசாளி தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

அதை நான் பலமுறை போட்டுக் கேட்டேன். கோபத்தில் செருமியதா, வெறும் சளியா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. என் மனைவியிடம் கொடுத்தேன். அவளும் காதோடு வைத்துக் கேட்டாள்.

"சளிதாங்க" என்றாள்.

"நிச்சயமாவா?"

"அடுத்த போட்டோவக் காட்டுங்க" என்று சொல்லி, பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நான் மிதியில் காலை வைத்தேன். ஆனால் பேசுவதற்கு முன், இந்த வாய்ஸ் போய்ச் சேரும் வீட்டில் இந்நேரம் யார் யார் உட்கார்ந்திருப்பார்கள் என்று யோசித்துக்கொண்டே சிறிது நேரம் வெறுமனே மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தேன்.