பெருமாயியின் ரத்தமும் பார்க்க வந்த சனமும்

பெருமாயி என்ற பேரை உமாதேவி முதலில் கேட்டது நோயாளிகளின் வாயில்தான். புதூர் பக்கத்துக் கிராமங்களுக்கு நர்சாக வந்த புதிதில், எந்த வீட்டு வாசலில் ஸ்கூட்டரை நிறுத்தினாலும், "பெருமாயி அப்பமே வந்து பாத்துட்டுப் போயிட்டாளே" என்பார்கள். பிள்ளை பெற்ற வீடா, பாம்பு கடித்த வீடா, கண் புரை எடுத்த வீடா, நர்சுக்கு முந்தி அவள் போயிருப்பாள். தான் மேய்க்கும் ஆட்டை ஒரு பொழுதுக்கு யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு, ஹார்லிக்ஸ் பாட்டிலும் கையுமாக. பெரியப்பன் மகன், சின்னத்தாளின் சம்பந்தி, அந்தச் சம்பந்தியின் ஓர்ப்படியாள் கூடப்பிறந்தவன் என்று ஒரு சொந்தத்தையும் விட்டதில்லை.

அந்தப் புண்ணியமெல்லாம் போன கார்த்திகையில் மொத்தமாகத் திரும்பி வந்தது. மழை ஈரத்தில் கரிசல் வரப்பு வழுக்கி, பெருமாயிக்குத் தொடை எலும்பு முறிந்தது. கோவில்பட்டியில் ஆபரேஷன் பண்ணிக் கம்பி வைத்து அனுப்பினார்கள். போன ரத்தம் போக, மிச்சம் ஹீமோகுளோபின் எட்டு என்று சீட்டில் எழுதியிருந்தது. பன்னிரண்டு இருக்க வேண்டுமாம். இரும்புச்சத்து மாத்திரையை உமாதேவிதான் வாரா வாரம் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

தை பிறந்தது. எலும்பு கூடி வருகிறது, நடக்கலாம் என்றார் டாக்டர். வாக்கரைப் பிடித்து நாலு எட்டு வைத்தால் பெருமாயிக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது. ரத்தம் எட்டிலேயே நின்றது. மகன் யோகராஜ் தீப்பெட்டி ஆபீஸுக்கு லீவு போட்டுவிட்டு ஆட்டுக்குப் பின்னால் அலைந்தான்.

"எம்மா, பங்குனிப் பொங்கலுக்குள்ள நீ எந்திரிச்சு நடக்கலன்னா, நாப்பத்திமூணு உருப்படியையும் யாவாரி கண்ணபிரான் வண்டியில ஏத்திருவேன். என்னால ஏலாது."

"அப்ப என்னையும் சேத்து ஏத்திருலே."

அவள் போய் விசாரித்த சனமெல்லாம் இப்போது அவளைப் பார்க்க வந்து, ரத்தம் ஏறாததற்கு ஆளுக்கொரு காரணம் சொன்னது. கம்பி மட்டம் என்றார் ஒருவர். கண்ணேறு என்றார் இன்னொருவர். சொல்லி முடிக்கிறவரை டீ குடித்தார்கள். வந்தவர்களைத் தனியாகக் குடிக்க விடுவது மரியாதையா? பெருமாயியும் கூடவே குடித்தாள். மருமகள் சந்தனமாரி டீச்சட்டியை அடுப்பிலிருந்து இறக்கவே இல்லை.

உமாதேவியும் போகும்போதெல்லாம் ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்தவள்தான். மாசி முதல் வாரத்தில் அப்படி ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருக்கையில்தான், எதிரே பெருமாயி மாத்திரையை வாயில் போட்டுக் சாயம் ஏறிய டீயால் விழுங்குவது கண்ணில் பட்டது.

"எக்கா, தெனமும் டீயிலயா மாத்திரைய முழுங்குதீய?"

"வெறுந்தண்ணியில போட்டா ஆணியச் சப்புன மாதிரி இருக்கு தாயீ. டீன்னா தெரியாது."

"ஒரு நாளைக்கு எத்தன டீ?"

சந்தனமாரி உள்ளேயிருந்து சொன்னாள்: "வார ஆளப் பொறுத்து. நேத்து பதினொண்ணு."

உமாதேவி கையிலிருந்த கிளாஸைக் கீழே வைத்தாள். டீ இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது, எலுமிச்சம்பழத் தண்ணீரில்தான் விழுங்க வேண்டும், முன்னும் பின்னும் இரண்டு மணி நேரம் டீ ஆகாது என்றாள். இதைச் சொல்ல அவளுக்கு இரண்டு மாசத்துக்கு மேல் ஆகியிருந்தது.

"ரெண்டு மணி நேரம் ஆள் வராத வீடா இது?" என்றாள் பெருமாயி.

மறுநாளே நாத்தனார் பாலம்மாள் விளாத்திகுளத்திலிருந்து பஸ் ஏறி வந்தாள். டீ வந்தது. பெருமாயி தொடவில்லை.

"ஏட்டி, நான் வந்தது பிடிக்கலையோ?"

"டீ ஆகாதுன்னு நர்சம்மா சொல்லிட்டாவ மதினி."

"நாப்பது வருசமா ஆச்சு, இப்ப ஆகாதாக்கும்! எனக்காவ ஒரு மடக்கு குடி. இல்லன்னா நானும் குடிக்கல."

பட்டியில் ஆடுகள் கத்துவது கேட்டது. பெருமாயிக்குப் பொறுக்கவில்லை.

"மதினி, நீங்க என் ரத்தத்தப் பாக்க வந்தியளா, குடிக்க வந்தியளா?"

பாலம்மாள் மத்தியான பஸ்ஸுக்கே திரும்பிவிட்டாள். அந்தச் சொல் பஸ்ஸுக்கு முந்தி ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. ஒரே வாரத்தில் ஆள் வரத்து நின்றது. ஊரெல்லாம் விசாரித்தவளை விசாரிக்க நாதியில்லை; மாத்திரையும் எலுமிச்சையும் முருங்கைக்கீரையும்தான் துணை. பங்குனிப் பொங்கலுக்கு முந்தி ரத்தம் பத்தரைக்கு ஏறியது. கண்ணபிரான் வண்டியோடு வந்த அன்று அவள் கம்பை ஊன்றிப் பட்டி வாசலில் நின்றாள்.

"கெடா ரெண்ட ஏத்திக்கோங்க அண்ணாச்சி. மத்ததுக்கு நான் இருக்கேன்."

யோகராஜ் தீப்பெட்டி ஆபீஸுக்குத் திரும்பிவிட்டான். சொந்தத்தில் பாதிப் பேர் இன்னும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. பெருமாயி இப்போது ஊருக்கு மேற்கே கரிசல் தரிசில் நாற்பத்தியொரு ஆட்டை மேய்த்துக்கொண்டிருக்கிறாள்.